அப்பிள் கப்பை செப்ரெம்பருக்கு மாத்தினவை

நாங்கள் மூன்று பேர். 2022 ஓகஸ்டில் படிக்கவென்று அமெரிக்காவின் புல்மனுக்கு வந்து, ஒரு வயதான கமக்காரரின் வீட்டில் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்தோம். எங்களுக்குள் அவரை அப்பு என்றுதான் சொல்லுவோம். திறப்பைத் தந்த அன்றைக்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "முத்தத்தில கார் விடலாம். ஆனா ஹோம் கேம் நாளில மட்டும் விடேலாது. அண்டைக்கு என்ர ஆக்கள் வருவினம்." அவர் சொன்னது இங்கிலிஷில்தான். ஆனால் எங்கட ஊர்க் கமக்காரர் கதைக்கிற அதே தொனி.

புல்மன், வொஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், ஐடஹோ எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர். சுற்றிவரக் கோதுமைக் குன்றுகள். பருப்பும் விளையும், ஓகஸ்டில் பருப்புக்கு ஒரு திருவிழாவே வைப்பார்கள். சனத்தொகை 30,000 சொச்சம். வொஷிங்டன் ஸ்ரேற் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கிலும் கிட்டத்தட்ட அவ்வளவு பேர் இருக்கலாம். அதாவது மச் நாளில் ஊர் இரண்டு மடங்காகிவிடும். எங்களுக்கு ஃபுட்போல் என்றால் காலால் உதைக்கிறது. இது கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற, றக்பிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரியான விளையாட்டு. முதல் இரண்டு மாதமும் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசில் ஊதுவார்கள், எல்லாரும் நிற்பார்கள், விளம்பரம் போகும்.

விளங்கத் தொடங்கியது அந்த வருஷ நவம்பரில், நன்றி நவிலல் நாளன்று.

அப்புவின் மகன் சியாட்டிலில் குடும்பத்தோடு இருக்கிறார். அவர் படித்தது எதிரிப் பக்கமான வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில். இரண்டு பல்கலைக்கழகமும் 1900 இல் முதன்முதலில் மோதியவை. மாநிலம் அப்பிளுக்குப் பேர் போனதால் 1962 இலிருந்து அந்த மச்சுக்கு அப்பிள் கப் என்று பெயர். வழமையாக நன்றி நவிலல் கிழமையில், சீசனின் கடைசி ஆட்டமாக வரும். ஒரு வருஷம் சியாட்டில், மற்ற வருஷம் புல்மன். 2022 இல் புல்மனின் முறை. வியாழன் இரவுச் சாப்பாட்டுக்கு எங்களையும் மேலே கூப்பிட்டார்கள். மேசையின் ஒரு பக்கம் அப்பு கடும் சிவப்புச் சேர்ட்டில், மறுபக்கம் மகனும் மருமகளும் ஊதா நிறத்தில். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் ஆளுக்கொரு நிறத்தில் உடுப்பாட்டியிருந்தார்கள். சண்டை வராமல் இருக்கவாம்.

சனிக்கிழமை மச்சில் சியாட்டில்காரர் 51-33 என்று வென்றார்கள். ஆனால் எங்களுக்கு ஞாபகத்தில் நிற்கிறது நடுவில் வந்த வெள்ளிக்கிழமை. அன்றைக்கு வேலை ஒன்றும் இல்லை. தகப்பனும் மகனும் கொட்டிலுக்குள் நின்று விதைப்பு இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். காணி யாருக்கு, அம்மாவின் கல்லறைக் கல்லுக்கு என்ன செய்வது, மூத்தவனுக்கு ஏன் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை என்று எல்லாக் கதையும் அங்கேதான் நடந்தது. சாவியை எடுத்துக் கொடுக்க நின்ற எங்கள் காதிலும் கொஞ்சம் விழுந்தது. சியாட்டிலில் இருந்து புல்மனுக்கு 5 மணித்தியால ஓட்டம். ஒரு வியாழக்கிழமைச் சாப்பாட்டுக்காக யாரும் அவ்வளவு தூரம் வந்து போக மாட்டார்கள். சனிக்கிழமை மச் இருந்தபடியால் வெள்ளிக்கிழமையும் நின்றார்கள்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு இதை விளங்கிக்கொள்ள ஒரு குறுக்குவழி இருந்தது. மார்ச் மாதம், சென்றல் கல்லூரி மைதானம், சென்றலும் சென் ஜோன்ஸும். வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் அந்த மூன்று நாளைப் பார்த்துத்தான் லீவு போடுவார்கள். தாய் தகப்பனைப் பார்ப்பதும் அதோடு சேர்ந்து நடந்துவிடும்.

2023 ஓகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. கோதுமை அறுவடை நேரம். அப்பு மத்தியானம் வீட்டுக்கு வரமாட்டார், ஆனால் அன்றைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றாமல் குசினியில் நின்று ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தார். வொஷிங்டன் பல்கலைக்கழகமும் ஒரேகன் பல்கலைக்கழகமும் 'பிக் ரென்' என்ற கூட்டுக்குப் போகின்றன. அரிசோனா, அரிசோனா ஸ்ரேற், யூட்டா மூன்றும் 'பிக் 12' க்கு. ஒரே நாளில் ஐந்து.

இங்கே ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு கொன்ஃபரன்ஸில், அதாவது ஒரு கூட்டில் இருக்கும். வருஷத்தில் ஆடுகிற 12 மச்சில் பெரும்பாலானவை அந்தக் கூட்டுக்குள்தான். ஆதியில் அது அக்கம்பக்கத்து ஆட்கள் சேர்ந்த சங்கம் மாதிரி, ரெயினில் போய் விளையாடிவிட்டு வரக்கூடிய தூரம். புல்மன் இருந்த பக்-12 இன் வேர் 1915 இல் பசிபிக் கரையில் தொடங்கிய கூட்டு. 2022 ஜூன் கடைசியில் லொஸ் ஏஞ்சலிஸின் இரண்டு பெரிய அணிகளும் பிக் ரென்னுக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த வருஷம் கொலராடோ போனது. ஓகஸ்ட் 4 க்குப் பிறகு ஸ்ரான்ஃபோர்டும் பேர்க்லியும் அத்திலாந்திக் கரைக் கூட்டில் சேர்ந்தன. பசிபிக் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிற பல்கலைக்கழகங்கள் அத்திலாந்திக்கில்! பிக் ரென்னில் இப்போது 18 அணிகள். பெயரை மாத்த ஒருவருக்கும் மனமில்லை. 12 பேர் இருந்த பக்-12 இல் கடைசியாக மிஞ்சியது இரண்டு: வொஷிங்டன் ஸ்ரேற், ஒரேகன் ஸ்ரேற். இரண்டுமே சின்ன ஊர்ப் பல்கலைக்கழகங்கள், ரீவிக்காரருக்குப் பெரிய சந்தை இல்லாத இடங்கள்.

காரணம் ரீவிதான். 1984 வரைக்கும் எந்த அணி எத்தனை தரம் ரீவியில் வரலாம் என்பதைத் தேசியச் சங்கம் தீர்மானித்தது. ஒக்லஹோமாவும் ஜோர்ஜியாவும் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. அதன்பிறகு ஒவ்வொரு கூட்டும் தன் மச்சுகளைத் தானே விற்கலாம். விற்கத் தொடங்கினால் யார் பக்கத்து ஊர் என்பது பிறகென்ன கணக்கு? 2022 இல் பிக் ரென் மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களோடு செய்த 7 வருஷ ஒப்பந்தம் 700 கோடி டொலருக்கு மேலே.

விற்றது மச்சை மட்டுமில்லை, நேரத்தையும்தான். கன மச்சுகள் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று 12 நாளுக்கு முதல்தான் தெரியவரும். சிலவேளை 6 நாளுக்கு முதல். பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் பகுதிநேர வேலை செய்த எங்களுக்கு அது ஷிப்ற் மாற்றுகிற தலையிடி மட்டும்தான். ஆனால் சியாட்டிலில் இருந்து வருகிற பழைய மாணவனுக்கு, மத்தியான மச் என்றால் இரவே வீடு. இரவு 7:30 மச் என்றால் முடிய 11 மணி, பிறகு காரை எடுத்தால் விடியக்காலை 4 மணிக்குத்தான் கட்டில். ஹோட்டல் அறைகள் எப்போதோ முடிந்திருக்கும். கிழக்குக் கரையில் ஆட்கள் படுக்கப் போகிற நேரத்தில் ஓடவிட ஒரு மச் வேண்டும், அதற்காக மேற்கில் இருக்கிறவன் இரவிரவாகக் கார் ஓட்ட வேண்டும்.

கூட்டு உடைந்த பிறகு ஒரு வழக்கும் நடந்தது. மிஞ்சின இரண்டு பேரும், போகிறவர்கள் கூட்டின் பணத்தைத் தீர்மானிக்கக்கூடாது என்று எங்கட கவுண்டி நீதிமன்றத்தில்தான் வழக்குப் போட்டார்கள். காணித் தகராறு பார்க்கிற கோட்டில், கோடிக்கணக்கான டொலர் வழக்கு. வென்றார்கள். அப்புவுக்கு அதில் சின்னச் சந்தோஷம்.

2023 நவம்பர் 25. பழைய கணக்கில் கடைசி அப்பிள் கப், சியாட்டிலில். அப்பு எங்கள் மூன்று பேரையும் தன் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனார். கொலம்பியா ஆற்றுப் பாலத்தில் நிறுத்தி, தேர்மோஸில் கோப்பி ஊற்றித் தந்தார். இந்த வழியால் தான் முதலில் வந்தது தகப்பனின் லொறியில் என்றார், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. 21-21 என்று நின்ற ஆட்டத்தைக் கடைசி உதையில் சியாட்டில்காரர் 24-21 என்று முடித்தார்கள். அந்த மகன், வென்ற பக்கத்தில் நின்றவர், கத்தவில்லை. தகப்பனின் தோளில் கையைப் போட்டபடி நின்றார். எங்களில் ஒருவர் அதைப் படம் எடுக்கப் போய், பிறகு போனை வைத்துவிட்டார்.

இரண்டு பல்கலைக்கழகமும் ஏதோ பேசி, 2028 வரைக்கும் அப்பிள் கப் நடக்கும் என்று ஒப்பந்தம் செய்தன. ஆனால் நவம்பர் கடைசி இப்போது பிக் ரென்னுடையது. மிஞ்சின இடம் செப்ரெம்பர்.

மச் தப்பிவிட்டது என்றுதான் நாங்களும் நினைத்தோம். செப்ரெம்பர் என்றால் என்னவென்று அப்புதான் சொன்னார். அது மாரிக் கோதுமை விதைக்கிற காலம். மண்ணில் ஈரம் பார்த்து, பனி விழ முதல் வேர் பிடிக்க வேண்டும். எங்கட காலபோக விதைப்பு மாதிரி, மழையையும் நாளையும் பார்த்துக்கொண்டு இருக்கிற வேலை. நவம்பர் கடைசியில் இந்தப் பக்கத்துக் கமக்காரன் ஒருவனுக்கும் வயலில் வேலை இல்லை. அதனால்தான் அந்த மச் அவர்களுக்கு அவ்வளவு பொருந்தியிருந்தது.

2024 செப்ரெம்பர் 14, சியாட்டிலில் மச். மகன் ரிக்கற் எடுத்து வைத்திருந்தார். அப்பு போகவில்லை. அந்தச் சனிக்கிழமை அவர் ட்ரக்ரரில் இருந்து ரேடியோவில் கேட்டார். கடைசி நேரத்தில் எதிரணி கோட்டுக்கு ஒரு யார் தள்ளி நிற்க, எங்கட பெடியள் தடுத்துப் பிடித்தார்கள். 24-19. ஊர் முழுக்கக் கார்கள் ஹோர்ன் அடித்தன. நாங்கள் ஓடிப்போய்க் கேற்றடியில் நின்றோம். அவர் இருட்டின பிறகு, தலையெல்லாம் புழுதியாக வந்து இறங்கினார்.

"வெண்டிட்டம் அப்பு!"

"ஓம், வெண்டிட்டம்." பூட்ஸைத் தட்டினார். "அவன்ர முகத்தைப் பாக்கேலாமப் போச்சு."

அந்த வருஷம் நன்றி நவிலல் நாளுக்கு மகன் குடும்பம் மருமகளின் வீட்டுக்குப் போனது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எத்தனையோ வருஷமாக அவர்கள் பக்கம் விட்டுக்கொடுத்த முறைதான் அது. மச் என்ற சாட்டு இருந்தவரைக்கும் ஒருவரும் அந்தக் கணக்கைத் திறக்கவில்லை. சனிக்கிழமை புல்மனில் வயோமிங்கோடு விளையாடி 15-14 என்று தோற்றார்கள். அப்புவிடம் ஒரே வரிசையில் நாலு சீசன் ஆசனங்கள். மகன் குடும்பத்துடைய மூன்றிலும் நாங்கள் இருந்தோம். வயோமிங்கில் இருந்து வந்தவர்கள் நல்ல ஆட்கள். ஆனால் அவர்களை என்ன சொல்லிச் சீண்டுவதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இதைப் பேராசை என்று சொல்லிவிட்டுப் போக எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. எங்களில் ஒருவர், வகுப்பில் கூடப் படித்த விளையாட்டுக்காரப் பெடியனைக் காட்டித் தர்க்கம் பண்ணுவார். இவ்வளவு காசு புரண்ட காலம் முழுக்க இந்தப் பெடியளுக்குப் புலமைப்பரிசிலுக்கு மேலே அதில் பங்கு கிடைக்கவில்லை. 2021 இலிருந்துதான் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் உழைக்கலாம். 2025 இலிருந்து ஒரு பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 2 கோடி டொலருக்கு மேலே வீரர்களோடு பகிரலாம். அந்தக் காசு ரீவியிலிருந்து வராமல் வேறெங்கே இருந்து வரும் என்று கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் ஸ்ரான்ஃபோர்டின் வொலிபோல் பிள்ளை நாடு முழுவதையும் தாண்டி, நடுக்கிழமையில் ஒரு மச்சுக்குப் பறந்து, விடிய வகுப்புக்கு வருகிறதே, அவளின் விளையாட்டை ஒரு ரீவிக்காரனும் கேட்டு வாங்கவில்லையே என்று மற்றவர் சொல்வார். இரவு ஒரு மணிவரை இழுபடும்.

2025 இல் அப்பிள் கப் புல்மனுக்கு வந்தது, செப்ரெம்பர் 20. அப்பு ஒரு நாள் விதைப்பை நிறுத்தினார். மகன் மூத்தவனோடு மச் நாள் காலையில் வந்து, ஞாயிறு காலைச் சாப்பாட்டோடு வெளிக்கிட்டார். திங்கள் பள்ளிக்கூடம். 59-24 என்று மோசமான தோல்வி. கொட்டில் பக்கம் ஒருவரும் போகவில்லை, அதற்கு நேரமும் இருக்கவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரேகன் ஸ்ரேற் வந்தது. கைவிடப்பட்ட மற்றப் பல்கலைக்கழகம். அந்த மாதம் முதலாந் திகதியும் அவர்களோடுதான் விளையாடியிருந்தார்கள். கூட்டில் இருக்கிறது இரண்டு பேர் என்றால் திரும்பத் திரும்ப ஆளையாள்தானே பார்க்க வேண்டும். வியாழன் இரவு நாங்கள் கோழிக்கறியும், அப்புவின் காணிப் பருப்பில் ஒரு கறியும் வைத்தோம். எங்களில் ஒருவர் வேலை கிடைத்துப் போய்விட்டதால் மேசையில் மூன்று பேர். மகன் வீடியோவில் எடுத்தார், பேரப்பிள்ளைகள் கத்தினார்கள், இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

2026 இலிருந்து போய்சி ஸ்ரேற், கொலராடோ ஸ்ரேற் எல்லாம் சேர்ந்து பக்-12 திரும்பவும் ஒரு கூட்டாக எழும்பப் போகிறது. அப்பு அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எந்த ஊர் எத்தனை மணித்தியால ஓட்டம் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். சீசன் ரிக்கற் புதுப்பிக்கிற கடிதம் குசினி ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்குகிறது. ஆசனம் எத்தனை என்ற பெட்டியில் பென்சிலால் 4 என்று எழுதி, அழித்து, 2 என்று எழுதி, அதையும் அழித்திருக்கிறார். நேற்று மகனோடு போனில் கதைக்கேக்க கேட்டது: "நவம்பரில் ஆரோட மச் எண்டு வந்தவுடன சொல்லுறன். நீ பிறகு யோசி."