கலர் கரெக்‌ஷனும் கல்யாணப் பெண்ணின் முகமும்

‘பதறாத காரியம் சிதறாது’ என்பார்கள் பெரியவர்கள். ஆனால் நண்பர்களே, ஆவணி முகூர்த்தம் முடிந்து நாற்பது நாளாகியும் கல்யாண வீடியோ கைக்கு வரவில்லை என்றால், பெண் வீட்டார் பதறாமல் வேறு என்ன செய்வார்கள்?

பென்னாகரம் பக்கம் என் பெரியப்பா மகன் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறார். வகுப்பு முடிந்ததும் நான் அங்கேதான் இருப்பேன். எடிட்டிங் இரண்டு நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் கலர் கரெக்‌ஷன்தான் ஆளை விழுங்கும். ஒரு கல்யாணத்துக்கு மூன்று கேமரா, ஏறக்குறைய 800 ஷாட். அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி... எட்டு ராத்திரி போய்விடும்! வீடியோ கொடுத்தால்தான் பாக்கிப் பணம் வரும்; பாக்கி வந்தால்தான் கேமராத் தவணை கட்ட முடியும். “இன்னும் ஒரு சீசன் பாப்பேன்டா. சரிப்படலேன்னா கடையை மூடிட்டு ஓசூர்ல ஏதாவது கம்பெனிக்குப் போயிடுவேன்” என்றார் அண்ணன்.

பார்த்தவர்கள் எல்லாம் சொன்ன வைத்தியம் ஒன்றே: “பெரிய கம்ப்யூட்டர் வாங்குங்க.” வாங்கக் காசு இருந்தால் ஏன் இந்தப் பேச்சு? சரி, கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் சினிமாக்காரர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் பார்த்தேன்.

பிரசாத், ஜெமினி போன்ற சென்னை லேப்களில் பிலிம் ஓடிய காலத்தில், ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூன்றே எண்கள்தான். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று விளக்குகளும் எவ்வளவு எரிய வேண்டும் என்பதற்கு 1 முதல் 50 வரை ஒரு கணக்கு. ஒரு முகத்தை மட்டும் தனியாக வெளுக்க வைக்க வழியே கிடையாது. காட்சிக்குக் காட்சி ஒத்துப்போகிறதா என்பதுதான் வேலை. முழுப் படத்தையும் அப்படியே முடித்தார்கள்! நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்களுக்கு ஒரு பெருமையும் உண்டு. அடையாறு திரைப்படக் கல்லூரியின் வேர் ஒரு பாலிடெக்னிக்தான். 1945-ல் சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் தொடங்கிய படிப்புகளிலிருந்து வளர்ந்தது அது.

பிறகு இந்த வேலை கம்ப்யூட்டருக்கு வந்தது. டாவின்சி என்ற அமெரிக்க நிறுவனத்தின் கருவிகள் பெரிய லேப்கள் மட்டுமே வாங்கக்கூடிய விலையில் இருந்தன. 2009-ல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனம் அதை வாங்கியது. 2011-ல் ரிசால்வ் மென்பொருளின் ஒரு பதிப்பை இலவசமாகவே கொடுத்தது. இன்று பென்னாகரத்திலும் அதே ரிசால்வ்தான் ஓடுகிறது. கருவி வந்துவிட்டது, லேப்காரர்களின் ஒழுங்கு மட்டும் கூடவே வரவில்லை. அதைத்தான் நாங்கள் கொண்டுவந்தோம்.

முதலாவது, நகல். நம் கேமராக்கள் பதிவு செய்யும் ஹெச்.265 முறையில் எல்லா ஃப்ரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. பெரும்பாலானவற்றில் முன்பின் ஃப்ரேம்களோடு உள்ள வித்தியாசம் மட்டுமே பதிவாகிறது. ஒரு ஃப்ரேமைக் காட்ட கம்ப்யூட்டர் அதன் கூட்டத்தையே பிரித்துக் கணக்குப் போட வேண்டும். அதனால்தான் திக்கித் திக்கி ஓடுகிறது. சாப்பிடப் போகும்போது ‘பிராக்ஸி’ எனும் சின்ன நகல்களைத் தயார் பண்ணச் சொல்லிவிட்டுப் போங்கள். வேலை நகலில், கடைசி அவுட்புட் மட்டும் ஒரிஜினலில். பழைய கம்ப்யூட்டரே சிட்டாய்ப் பறக்கும்!

இரண்டாவது, கூட்டம் பிரித்தல். ஷாட்டுகளைக் கேமரா வாரியாக, வெளிச்சம் வாரியாகக் குரூப் ஆக்கிவிட வேண்டும். விடியற்கால முகூர்த்தம் ஒன்று, ரிசப்ஷனின் ஊதா எல்இடி ஒன்று, ஒகேனக்கல் பரிசலில் எடுத்தது ஒன்று. குரூப்புக்குச் செய்யும் திருத்தம் அதிலுள்ள எல்லா ஷாட்டுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். ஒகேனக்கல் சாரலை மட்டும் அழுத்திக் கருப்பாக்காதீர்கள்; புகை மாதிரி இருப்பதால்தானே ‘புகையும் கல்’ என்று அதற்குப் பெயர்!

மூன்றாவது, தாய் ஷாட். குரூப்புக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முதலில் வெளிச்சம், பிறகு வெள்ளை, அதன் பிறகு நிறத்தின் அழுத்தம் என்று வரிசையாகச் சரி செய்யுங்கள். அதே சாயலில் உள்ள மற்ற ஷாட்டுகளை மொத்தமாகத் தேர்வு செய்து, தாய் ஷாட்டின் மேல் மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்தினால் போதும், திருத்தம் அத்தனைக்கும் ஏறிவிடும். ஒரு எச்சரிக்கை: மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை வெள்ளை என்று நம்பாதீர்கள். அது சந்தன நிறம். அதை வெள்ளையாக்கினால் மண்டபமே நீலமாகிவிடும்! படம் எடுக்கும்போதே ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி, ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நிறுத்திவிடுவது உத்தமம்.

இத்தனைக்கும் பிறகு மணிக்கணக்கைக் கூட்டிப் பார்த்தோம். எட்டு ராத்திரியில் மூன்று எங்கே போகிறது தெரியுமா? “பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுங்க தம்பி” என்ற ஒரு வார்த்தைக்கு! அதற்காக ஷாட்டுக்கு ஷாட் முகத்தைச் சுற்றி வட்டம் போட்டு, அவள் தலை திரும்பும் பக்கமெல்லாம் அந்த வட்டத்தையும் கூடவே ஓட விட வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண்ணின் அம்மாயி ஸ்டூடியோவுக்கு வந்தார். மூத்த பேத்தியின் வீடியோவை வேறெங்கோ செய்து வாங்கியிருந்தார்களாம். “மாவு பூசின மாதிரி யாரோ உக்காந்திருக்கா சாமி. எம்பேத்தியக் காணோம். இவளையாச்சும் இவளாவே காட்டுங்க” என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். அன்றைக்கே அந்த வட்டம் போடும் வேலை நின்றது.

டெலிவிஷன் பாடத்தில் மனப்பாடம் செய்தோமே, லூமினன்ஸ், குரோமினன்ஸ்... அது இங்கேதான் உயிர் பெற்றது. வெக்டர்ஸ்கோப்பில் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. பழைய என்டிஎஸ்சி முறையின் ‘ஐ’ அச்சு நின்ற திசை அது. வெளுத்த தோலோ, மாநிறமோ, நல்ல கருப்போ, இயல்பான வெளிச்சத்தில் எல்லார் தோலும் அந்தக் கோட்டை ஒட்டியே விழுகிறது! தோலில் இருக்கும் மெலனினும் அடியில் ஓடும் ரத்தமும் எல்லாருக்கும் ஒன்றுதான்; அளவுதான் வேறு. கருப்பு என்பது வேறு நிறம் அல்ல நண்பர்களே, வெளிச்சத்தின் அளவு மட்டுமே. கோட்டில் முகம் நின்றுவிட்டால் திருத்தம் முடிந்தது. வெளுக்க வைப்பது திருத்தம் அல்ல.

அதற்கும் ஒரு விலக்கு உண்டு. நலங்கு வைத்த முகம் கோட்டை விட்டு மஞ்சள் பக்கம் சாயும். அதைத் திருத்தாதீர்கள். அந்த மஞ்சளுக்காகத்தானே அத்தனை அத்தைமாரும் சுற்றி நின்றார்கள்!

இப்போது ஒரு கல்யாணத்துக்கு மூன்று ராத்திரி. இரண்டு ராத்திரி குரூப்புக்கும் தாய் ஷாட்டுக்கும் போகிறது. மூன்றாவது ராத்திரி, முகம் முகமாக உட்கார்ந்து பார்ப்பதற்கு. அண்ணன் ஓசூர்ப் பேச்சை எடுப்பதில்லை; இந்தத் தை மாதத்துக்கு இரண்டு புக்கிங் கூடவே வந்திருக்கிறது.

எந்தத் துறையில் நாம் வேலைக்குப் போனாலும் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்றுதான் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் வேலையை மெஷினிடம் தள்ளுங்கள். மிச்சமாகும் நேரத்தை மனிதர்களைப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். வேகம் என்பதே அதற்குத்தான்!