யாருக்கு ஏற்ற கடற்கரை?

பிலாயிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடல் தொலைவுதான். உருக்காலை வேலையை நம்பி அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கடல் என்பது, விடுப்பும் பயணச்சீட்டும் ஒருசேர வாய்த்தால் மட்டுமே காணக்கிடைப்பது. அத்தகைய குடும்பம் ஒன்று, நான்கு நாள் விடுமுறைக்குரிய கடற்கரையைத் தேர்ந்தெடுக்க ஏறத்தாழ மூன்று மாதங்களை எடுத்துக்கொண்டது. தந்தை, தாய், 9 வயது மகள், முழங்கால் வலியுடைய 73 வயதுப் பாட்டி. பயண முகவர் அனுப்பிய பட்டியலில் எல்லா இடங்களுக்கும் எதிரே ஒரே சொற்றொடர் இருந்தது: 'குடும்பத்துக்கு ஏற்றது.'

அந்த நான்காம் வேற்றுமை உருபு எளிதில் ஏமாற்றிவிடும். குடும்பம் என்னும் ஒருமைச் சொல்லுக்குள் நான்கு உடல்கள் இருக்கின்றன; நான்கும் கடலிடம் வெவ்வேறானவற்றைக் கேட்கின்றன. குழந்தைக்கு மெல்லச் சரியும் தரை வேண்டும். பாட்டிக்கு வண்டி நிற்கும் இடத்திலிருந்து நீர்வரை நடக்கும் தூரம் குறைய வேண்டும். தந்தைக்கு நீந்த இடம் வேண்டும். தாய்க்கு என்ன வேண்டும் என்பதை எவரும் கேட்டதில்லை. திருமணமான நாள் முதல் அவர் நான்கு முறை கடற்கரைக்குப் போயிருக்கிறார்; நான்கு முறையும் செருப்புகளுக்கும் கைப்பேசிகளுக்கும் மாற்றுடைப் பைகளுக்கும் காவலாக மணலில் அமர்ந்திருந்தார். கணுக்காலுக்கு மேல் அவரைக் கடல் நனைத்ததில்லை.

தந்தை முதலில் சொன்னது கோழிக்கோட்டுக்கு அருகிலுள்ள காப்பாடு. காலம், மே மாதம். பள்ளி விடுமுறை அப்போதுதானே. நியாயமான யோசனை போலத் தோன்றும். ஆனால் மேற்குக் கரையில் ஏப்ரலும் மேயும் 'கள்ளக்கடல்' பெருகும் காலம். தெற்கே வெகு தொலைவில், தென்பெருங்கடலில் வீசும் புயற்காற்று எழுப்பும் நீண்ட அலைகள் பல நாள் பயணித்து இந்தியக் கரையை அடைகின்றன. உள்ளூரில் காற்றே இராது, வானம் தெளிந்திருக்கும், கடல் மட்டும் திடீரென்று மேலேறும். திருடனைப் போல அறிவிப்பின்றி வருவதால் கேரளத்து மீனவர்கள் இட்ட பெயர் அது. இன்று அறிவியலாளரும் அதனையே வழங்குகின்றனர். ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. விடுதியறைக்கு முன்பதிவு செய்வோரில் எத்தனை பேர் அதனைப் பார்க்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

மே மாதத்தைத் தாய் ஒரே சொல்லில் மறுத்தார். காரணத்தை விளக்கவில்லை. விளக்கம் வீட்டிலேயே இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஜூன் முதல் வாரத்தில், அவர்கள் கோவாவுக்குச் சென்றிருந்தார்கள். மழைக்காலம் தொடங்கியிருந்தது, மணலில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். இரு பக்கமும் வெண்ணுரையோடு அலைகள் உடைந்துகொண்டிருக்க, நடுவே ஓரிடத்தில் மட்டும் நீர் அமைதியாகவும் சற்றுக் கருத்தும் கிடந்தது. அங்கே அலை இல்லை, ஆகவே ஆபத்தும் இல்லை என்று எண்ணித் தந்தை இறங்கினார். கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. மணல்மேட்டின் இடைவெளி வழியே பின்வாங்கும் அந்த நீரோட்டம், வலுத்த நாளில் ஒலிம்பிக் வீரரின் நீச்சல் வேகத்தையும் விஞ்சக்கூடியது. அது ஆளைக் கீழே அமிழ்த்துவதில்லை, வெளியே கொண்டுபோகிறது. கரையை நோக்கி எதிர்த்து நீந்துபவர் களைத்து மூழ்குகிறார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் பெரும்பாலும் அதிலிருந்து விடுபடலாம். முடியாதவர் மிதந்தபடி கையை உயர்த்திக் காட்ட வேண்டும். 'கடல் இழுத்துவிட்டது' என்று தமிழில் சொல்வது மிகத் துல்லியமான விவரணை. தந்தைக்கு அதெல்லாம் தெரியாது. உயிர்காப்பாளர் இருவர் மிதவையோடு சென்று அவரை மீட்டனர். ஊர் திரும்பியபின் அவர் அதனை வேடிக்கைக் கதையாகச் சொல்லி வந்தார். கதை தொடங்கியதும் தாய் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

ஆகவே மாதம் டிசம்பர் என்று முடிவாயிற்று. கிழக்குக் கரையில் புயல்கள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும் கடைசி வாரம். கூட்டம் மிகும், கடல் ஒப்பீட்டளவில் அடங்கியிருக்கும். கூட்டத்தைச் சகித்துக்கொள்ளலாம்.

இடத்தைப் பற்றிய வாதம் பிறகும் நீண்டது. மகளுக்குச் சாந்திப்பூர் பிடித்திருந்தது. ஒடிசாவின் பாலேசுவரத்துக்கு அருகே, வற்றத்தின்போது கடல் ஐந்து கிலோமீட்டர் வரை உள்வாங்கிக்கொள்ளும் கரை அது. கடலின் தரையிலேயே நடந்து நண்டு பார்க்கலாம். ஓதம் திரும்பும் நேரத்தை அறிந்து சென்றால் குழந்தைக்கு அதைவிடச் சிறந்த இடம் அரிது. ஆனால் ஓடிப்போன கடலைத் தேடி அவ்வளவு தூரம் பாட்டியால் நடக்க இயலாது. ராதாநகர் அந்தமானில் இருக்கிறது, செலவு கட்டுப்படியாகாது. எஞ்சியது புரி. துர்க்கிலிருந்து நேரே ரயில் உண்டு.

புரியின் அலைகள் சாதுவானவை அல்ல. கரையோரத்திலேயே தரை சட்டென்று இறங்கும். அலை உடைந்து காலை வாரும். அங்குள்ள 'கோல்டன் பீச்' பகுதி 2020-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அமைப்பு வழங்கும் அச்சான்று, நீரின் தூய்மை, உயிர்காப்பாளர், முதலுதவி, கழிப்பறை, உடைமாற்றும் அறை போன்றவற்றைச் சோதிக்கிறது. அலையின் குணத்துக்கு அது பொறுப்பேற்பதில்லை; கொடியைக் கண்டதும் காவலைத் தளர்த்துவோர் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். இருந்தும் தாய் புரியை ஏற்றதற்குக் காரணம் அந்த உடைமாற்றும் அறைதான். முன்பு சென்ற கரைகளில் ஈரச் சேலையோடு எங்கே ஒதுங்குவது என்ற எண்ணமே அவரை மணலில் அமர்த்தியிருந்தது. இதனை அவர் சொன்னபோது கணவர் சிறிது நேரம் பேசவில்லை. "இத்தனை வருஷமா சொல்லலையே" என்றார். "நீங்க கேக்கலையே" என்றார் தாய்.

புரியில் இன்னொரு காவலும் உண்டு. நுலியா எனப்படும் மீனவர்கள், கூம்பு வடிவ வெள்ளைத் தொப்பி அணிந்து, கூலி பெற்றுக்கொண்டு, கடலாடுவோரைக் கைப்பிடித்து நீருக்குள் அழைத்துச் செல்வார்கள். ஆந்திரக் கரையிலிருந்து வந்த முன்னோரின் தெலுங்கு அவர்களிடையே இன்றும் வழங்குகிறது. பிலாயில் தெலுங்கு அண்டை வீட்டாரோடு நாற்பது ஆண்டுகள் பழகிய பாட்டி, நுலியா ஒருவர் தம் தோழரைக் கூவி அழைத்ததைக் கேட்டு, தமக்குத் தெரிந்த தெலுங்கில் பேச்சுக் கொடுத்தார். அவர் முகம் மலர்ந்து பாட்டியின் கையைப் பற்றிக்கொண்டார். அலை வருமுன் நிற்கச் சொன்னார். வந்ததும் பக்கவாட்டில் திரும்பச் சொன்னார். போனபின் ஓர் அடி எடுத்துவைக்கச் சொன்னார். பாட்டியின் முழங்கால் வரை நீர் ஏறியது.

"அத்தை, போதும்" என்று தாய் கத்தினார்.

"நீயும் வாடி" என்றார் பாட்டி.

தாய் பையைக் கணவரிடம் நீட்டினார். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மணலில் அமர்ந்தார். மகளை இடப்பக்கமும் நுலியாவை வலப்பக்கமும் பிடித்தபடி தாய் இறங்கினார். முதல் அலையில் இடுப்புவரை நனைந்தார். இரண்டாவது அலை தோளில் அறைந்தது. அவர் உரக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுத் தந்தை எழுந்து நின்றார். பிறகு கைப்பேசிகள் நான்கும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மீண்டும் உட்கார்ந்தார்.