எண்ணெயிடும் கையும் காணும் கண்ணும்

இயந்திரங்களைப் புகழ்வோர் அவற்றின் வலுவையும் வேகத்தையுமே பெரிதும் பேசுவர். சுழலும் தண்டுக்கும் அதனைத் தாங்கும் பெயாரிங்குக்கும் இடையில், தலைமயிரினும் மெல்லியதாய் நின்று, இரண்டையும் உரசவிடாது காக்கும் எண்ணெய்ப் படலத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. வண்டி மை இடாத மாட்டுவண்டி கிறீச்சிட்டுத் தன் குறையை ஊருக்கே அறிவித்துவிடும். தொழிற்சாலையின் பேரிரைச்சலிலோ எண்ணெயற்ற பெயாரிங்கின் முனகல் எவர் செவிக்கும் எட்டுவதில்லை. அது வெம்மையேறி, இறுகி, உடைந்து, ஆலை முழுவதையும் நிறுத்திய பின்னரே அதன் பெயர் உச்சரிக்கப்படுகின்றது.

இப்படலத்தின் ஆற்றலை மனிதன் தற்செயலாகவே கண்டான். பிரித்தானிய இயந்திரப் பொறியியலாளர் நிறுவகத்துக்காகப் புகையிரத அச்சுப் பெயாரிங்குகளை ஆராய்ந்த பீச்சம் ரவர் என்பார், 1883 ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். பெயாரிங்கின் மேற்புறத்தில் எண்ணெய் வார்ப்பதற்கென ஒரு துளை இடப்பட்டபோது, அத்துளை வழியே எண்ணெய் உட்செல்வதற்கு மாறாக மேலெழுந்து வழிந்தது. தக்கையால் அடைத்தனர், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரச்செருகியால் அடைத்தனர், அதுவும் தள்ளப்பட்டது. சுழலும் தண்டு தானே எண்ணெயை இழுத்துச் சென்று, தன் சுமையைத் தாங்கவல்ல அமுக்கத்தை அதனுள் தோற்றுவிக்கின்றது என்பது இதனால் விளங்கிற்று. இதன் கணிதக் கோட்பாட்டை ஒஸ்போண் றெனோல்ட்ஸ் 1886 இல் வகுத்தார். எண்ணெய் உரிய இடத்தை அடைந்துவிட்டால் எஞ்சிய பணியை இயற்கையே செய்துகொள்ளும். அதனை அங்கு சேர்ப்பதே மனிதனின் கடன் என்பது இவ்வாய்வுகள் தரும் பாடம் எனலாம்.

அக்கடனில் தவறுவதன் விலை சிறிதன்று. 1966 ஆம் ஆண்டில் பீற்றர் ஜோஸ்ற் தலைமையிலான குழுவொன்று பிரித்தானிய அரசுக்கு அளித்த அறிக்கை, உராய்வையும் தேய்வையும் முறையாகக் கவனித்தால் அந்நாட்டுத் தொழிற்றுறை ஆண்டுதோறும் ஏறத்தாழ 515 மில்லியன் பவுணை மீதப்படுத்தலாம் என மதிப்பிட்டது. உரசுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த ‘ரைபோலொஜி’ என்னும் துறைப்பெயரும் அவ்வறிக்கையோடுதான் வழக்கில் நிலைத்தது.

எண்ணெயைச் சேர்க்கும் பணி நெடுங்காலம் மனிதக் கைகளிடமே இருந்தது. அக்கைகளுள் ஒன்றின் வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. கென்ரக்கி மாநிலத்தின் அடிமைத்தளையிலிருந்து தப்பிக் கனடாவில் அடைக்கலம் புகுந்த கறுப்பினப் பெற்றோரின் மகன் இலைஜா மக்கோய். இவர் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரிற் பொறியியல் பயின்று மீண்டார். ஆயினும் நிறவேற்றுமை மிகுந்த அக்கால அமெரிக்காவில் பொறியியலாளர் பதவி அவருக்கு மறுக்கப்பட்டது. மிச்சிகன் சென்றல் புகையிரதக் கம்பனியில் அடுப்பிற்கு எரிபொருள் இடுவதும் பாகங்களுக்கு எண்ணெயிடுவதுமே அவருக்குக் கிட்டிய தொழில். எண்ணெயிடுவதற்காக எஞ்சின்களை அடிக்கடி நிறுத்தவேண்டியிருந்த அக்காலத்தில், நீராவியின் அமுக்கத்தையே பயன்படுத்தி, ஓடும்போதே எண்ணெய் செல்லும் கிண்ணமொன்றை ஆக்கி 1872 இல் அவர் காப்புரிமை பெற்றார். தானியங்கி முறையின் முன்னோடிகளுள் ஒருவர் எண்ணெய்க்குவளை ஏந்தி நின்ற தொழிலாளியே என்பது கருத்தூன்றி நோக்கற்பாலது. எந்த மூட்டு எப்போது வறளும் என்பதை அவர் நூலினால் மட்டுமன்றிக் கையினாலும் அறிந்திருந்தார்.

இன்று ஒரு தொழிற்சாலை மத்திய உராய்வுநீக்கல் அமைப்பைத் தெரிவுசெய்ய முனைகையில், பல வகைகள் அதன் முன் வைக்கப்படுகின்றன. பொதுவாக நோக்கின், ஒரு கொள்கலத்திலிருந்து ஒரு பம்பி எண்ணெயையோ கிறீசையோ குழாய்களின் வழியே பல இடங்களுக்கு அனுப்புவதே இவையனைத்தின் செயல். வேறுபாடு பங்கிடும் முறையிலேயே உள்ளது. ஒற்றைக் குழாய் முறையில், ஒவ்வோர் இடத்திலும் உள்ள அளவி தன் பங்கைத் தனித்தே வழங்கும். ஒன்று பழுதுற்றாலும் மற்றவை இயங்கும். வரிசை முறையிலோ, பங்கிடும் கட்டையினுள் பிஸ்ரன்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே நகரும்; ஒரு வழி அடைபட்டால் அனைத்தும் நின்றுவிடும். இரட்டைக் குழாய் முறையில், இரு பெருங்குழாய்கள் மாறிமாறி அமுக்கமேற்றப்படும். உருக்காலை, சீமெந்து ஆலை போன்று தொலைவும் இடங்களும் மிக்க களங்களுக்கு அது ஏற்றது. வெம்மை மிக்க உருளைகளையுடைய காகித ஆலைகளிலோ, எண்ணெய் சுற்றிவந்து உராய்வை நீக்குவதோடு வெப்பத்தையும் அகற்றிச் செல்லவேண்டியிருத்தலின், சுழற்சி முறையே பொருந்தும்.

ஆகவே விலைப்பட்டியலைப் புரட்டுமுன் கேட்கவேண்டிய கேள்விகள் சில உள. எண்ணெயிடவேண்டிய இடங்கள் எத்தனை? மிகத் தொலைவிலுள்ளது எது? குளிர்காலத்தில் வெப்பநிலை எவ்வளவு தாழும்? 000 முதல் 6 வரை ஒன்பது தரங்களாக வகுக்கப்பட்டுள்ள கிறீசின் தடிப்பில், அந்நீண்ட குழாயிற் செல்லவல்லது எது? மெல்லிய குழாயில் தடித்த கிறீஸ் குளிரில் இறுகி நின்றுவிடும். ஒற்றைக் குழாய் முறையிலாயின், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குழாயின் அமுக்கம் தணிந்தாலன்றி அளவிகள் மீண்டும் நிரம்பா. இறுகிய கிறீஸ் அத்தணிவையும் தடுத்துவிடும். மிகுதியும் நன்றன்று. அளவுக்கு மிஞ்சிய கிறீஸ் பெயாரிங்கினுள் கடையப்பட்டு வெம்மையை உண்டாக்கும். காப்பு வளையங்களையும் பிதுக்கிவிடும்.

இவற்றினும் முதன்மையானதொரு கேள்வி உண்டு. அமைப்பு தவறுங்கால் அத்தவறு எவ்வாறு வெளிப்படும்? வரிசை முறையில் ஓர் அடைப்பு முழுவதையும் நிறுத்துவது குறையெனவே முதலில் தோன்றும். ஆனால் அந்நிறுத்தமே ஓர் அறிவிப்பு. ஒரு பிஸ்ரனின் அசைவைக் கவனித்தால் அக்கட்டையின் அடைப்பு முழுவதும் தெரிந்துவிடும். ஒற்றைக் குழாய் முறையில் மற்றவை தொடர்ந்து இயங்குவது நன்மையே. எனினும் அந்நன்மையின் மறைவில் ஒரு பெயாரிங் ஓசையின்றிப் பட்டினி கிடக்கலாம். இனி, எம்முறையாயினும், பங்கீட்டுக்கு அப்பால் பெயாரிங்கை நோக்கிச் செல்லும் சிறு குழாய் முறிந்துபோனால் நிகழ்வதென்ன? பம்பி இயங்கும், பிஸ்ரன் அசையும், பலகையில் பச்சை விளக்கு ஒளிரும், கிறீஸ் மட்டும் தரையில் வழிந்துகொண்டிருக்கும். விளக்கு பொய் சொல்லவில்லை. தன்னிடம் கேட்கப்பட்டதற்கே அது விடையளித்தது. கிறீஸ் புறப்பட்டதா என்பது ஒரு கேள்வி. போய்ச் சேர்ந்ததா என்பது வேறொரு கேள்வி.

பழைய தொழிலாளி கிறீஸ் அடிக்கும் கருவியோடு ஆலையைச் சுற்றியபோது அவர் செய்தது ஒரு பணியன்று, இரண்டு. கை எண்ணெயிட்டது, கண்ணும் செவியும் இயந்திரத்தை விசாரித்தன. தளர்ந்த ஆணியையும், மாறிய ஓசையையும், பெயாரிங்கின் விளிம்பிற் புதுக் கிறீஸ் வளையமாய்ப் பிதுங்கி நிற்பதையும் அவர் கண்டார். தானியங்கி அமைப்பு முதற் பணியை அவரினும் செம்மையாகச் செய்யும் என்பதில் ஐயமில்லை. சிறிது சிறிதாக, உரிய வேளையில், இயந்திரம் ஓடும்போதே அது வழங்கும். சுழலும் பற்சில்லுகளுக்கு அருகே மனிதன் கைநீட்டவேண்டிய ஆபத்தையும் அது பெரிதும் நீக்குகின்றது. இவ்வொன்றே அதனை வரவேற்கப் போதுமான காரணமாகும். ஆனால் இரண்டாம் பணியைச் செய்ய எவரும் அமர்த்தப்படாவிடின், அமைப்பை வாங்கியதோடு எண்ணெயிடும் செலவு குறைந்தது எனக் கணக்கெழுதுவது பாதி உண்மையே.

எனவே நல்ல தெரிவு என்பது ஒரு பொருளைத் தெரிதல் மட்டுமன்று. ஒரு பொறுப்பை ஒப்படைத்தலுமாகும். குழாய்கள் எங்கே செல்லவேண்டும் என்பதை வரைபடம் தீட்டுமுன், இதுவரை எண்ணெயிட்டு வந்தவரை அழைத்துக் கேட்டல் வேண்டும். அமைப்பு நிறுவப்பட்ட பின்னர் அவரை வீட்டுக்கு அனுப்பாது, வாரந்தோறும் குழாய்களைத் தொடர்ந்து சென்று பார்க்கவும், கொள்கலத்தில் குறைந்த அளவு கணக்கிட்ட அளவோடு பொருந்துகின்றதா என ஒப்பிடவும் அவரை அமர்த்துதல் வேண்டும். கொள்கலம் விரைந்து வற்றினால் எங்கோ கசிவு. வற்றாதே நின்றால் எங்கோ அடைப்பு. இதனை அறிய நுண்கருவி எதுவும் வேண்டியதில்லை. பார்க்க ஒருவர் இருந்தாற் போதும்.

கையின் உழைப்பை இயந்திரத்திடம் கொடுப்பது நாகரிகத்தின் இயல்பான வளர்ச்சியே. கண்ணின் கடமையையும் அதனுடன் சேர்த்துக் கொடுத்துவிட்டதாக எண்ணும்போதே இடர் தொடங்குகின்றது. எண்ணெயிட்டுக் களைத்த ஒருவர் எண்ணெயிடும் கருவியை ஆக்கினார். அவர் பெற்றிருந்த அறிவைப் போற்றாது, அவர் வழிவந்த கருவியை மட்டும் போற்றும் தொழிற்சாலை, விளக்கை ஏற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதையே ஒக்கும்.