நாம் மாலையிட மறந்தவர்

முன்பு விநய் நகர் எனப்பட்டு, பின்னர் ஹைதராபாத்தில் பிறந்த சரோஜினி நாயுடுவின் பெயரைத் தாங்கிய எங்கள் குடியிருப்பில், கால்பந்து என்பது விளக்கு வைக்கும் நேரம் வரை பொறுத்துக்கொள்ளப்பட்ட ஒரு குற்றம். இரண்டு வீட்டு வரிசைகளுக்கு இடையே கிடந்த புல்வெளிதான் ஆடுகளம். "பந்தா சோறு போடும்?" என்பது தந்தையரின் கேள்வி. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் சோறு போட்ட வீடுகள் அவை. ஆதலால் எங்களிடம் மறுமொழி இருந்ததில்லை.

மறுமொழி ஒன்று இருக்கத்தான் செய்தது. துளசிதாஸ் பலராம் என்ற பெயரைச் செய்தித்தாளில் நாள்தோறும் தேடியவர்கள் நாங்கள். ஈஸ்ட் பெங்கால் குழு டியூராண்டு கோப்பைக்காகத் தில்லி வரும் குளிர்காலங்களில் அப்பெயரைச் சொல்லிச் சண்டையிட்டதும் உண்டு. அவரை வங்காளி என்றனர் சிலர், ஹைதராபாத்காரர் என்றனர் சிலர். செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில், பிழைப்புத் தேடிப் பெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றில் 1936இல் பிறந்தவர் என்பதை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அவர் ஆடிய ஆண்டுகள் மிகச் சில. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்தியக் குழுவில், இருபது வயது இளைஞராக இடம் பெற்றார். 1960இல் ரோமாபுரியில், பின்னர் வெண்கலம் வென்ற ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தார். இந்தியா 1–2 என்றுதான் தோற்றது. மறு ஆண்டு அவருடைய தலைமையில் ஈஸ்ட் பெங்கால் கல்கத்தா லீக்கை வென்றது. அவர் அடித்தவை 23 கோல்கள். சந்தோஷ் கோப்பையை ஹைதராபாத்துக்கும், பின்பு வங்காளத்துக்கும் வென்று கொடுத்தார். 1962இல் ஜகார்த்தாவில் ஜப்பானை 2–0 என வீழ்த்திய ஆட்டத்தில் ஒரு கோல் பி.கே. பானர்ஜியுடையது, மற்றது பலராமுடையது. அரங்கம் முழுதும் எதிர்த்துக் கூச்சலிட, இறுதியாட்டத்தில் தென்கொரியாவை வென்று இந்தியா தங்கம் பெற்றது. அதற்கடுத்த ஆண்டே நுரையீரல் நோய் அவரைக் களத்திலிருந்து விலக்கிவிட்டது. சிலர் ஆடத் தொடங்கும் வயது அது!

பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்று மூவரையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். முன்னிருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இவருக்கு 1962இன் அர்ஜுனா விருதோடு சரி. அரசைக் குறை சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. எங்கள் பழைய ஆண்டு மலர்களை அண்மையில் புரட்டினோம். சங்கீத வித்துவான்கள் இருக்கிறார்கள், செயலாளர் பதவி வரை உயர்ந்த அதிகாரிகள் இருக்கிறார்கள், தேர்வில் முதலிடம் பெற்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். பலராமின் படம் ஒன்றுகூட இல்லை.

ஹூக்ளிக் கரையில் உத்தரபாராவில் வாழ்ந்துவந்த அவர், 2023 பிப்ரவரி 16 அன்று காலமானார். அவர் தமிழர் என்பதை இரங்கல் செய்தியில்தான் படித்தோம். அப்போது எங்கள் பழைய குடியிருப்பை இடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஆடிய புல்வெளி எது என்று அடையாளம் காண முடியவில்லை. தில்லியிலிருந்து ஹௌராவுக்கு ஓர் இரவு ரயில் பயணம். இத்தனை ஆண்டுகளில் எங்களில் ஒருவரும் போகவில்லை.