கப்பல் காத்திராது

கடல்வழி உல்லாசப் பிரயாணம் என்பது பெருஞ்செல்வர்க்கே உரியது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தவன் நான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பாலை ஒன்றில் 31 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவனுக்குக் கப்பலில் என்ன வேலை? எனினும், எங்கள் திருமணத்தின் 40-ஆம் ஆண்டு நிறைவை முன்னிட்டு மூத்த மகன் இரண்டு பயணச் சீட்டுகளை வாங்கி வந்து தாயின் கையில் கொடுத்துவிட்டபடியால், மறுப்பதற்கு வழியில்லாமற் போயிற்று.

2023 ஜூன் 5-ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு முதன்முறையாகப் புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்னும் பயணிகள் கப்பல் அது. நாங்கள் ஏறியது அடுத்த மாதத்தில். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளையும் தொட்டுவிட்டு ஐந்து இரவுகளில் சென்னைக்குத் திரும்பும். பிரான்ஸ் நாட்டிலே கட்டப்பெற்று 1990-இல் கடலுக்கு வந்த கப்பல் அது. வாசக அன்பர்கள் அந்த ஆண்டைச் சற்றே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊரில் பெத்திக்குப்பத்தை அடுத்து இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021 முதல் அரசாங்கத்தார் அதனை ‘மறுவாழ்வு முகாம்’ என்று அழைக்கின்றனர். ஊரார் வாயில் அது இன்றும் ‘கேம்ப்’தான். அங்கிருந்து வந்து எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் பூசியவருடைய மனைவி, என் துணைவியாருக்குக் கூடப்பிறந்தவள் போலப் பழகிவிட்டார். காங்கேசன்துறைக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மயிலிட்டி என்னும் மீனவ ஊர் அவருடையது. 1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது, அப்பகுதி மக்கள் அனைவரும் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. இருபத்திரண்டு வயதில், உடுத்த துணியோடு படகேறி இராமேசுவரம் கரையில் இறங்கியவர் அவர்.

மக்கள் போன பின்பு அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயமாகி, 27 ஆண்டுகள் படையினர் வசம் இருந்தது. 2017 ஜூலையில்தான் மயிலிட்டித் துறையையும் அதனை ஒட்டிய ஒரு பகுதியையும் மக்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் இந்த அம்மையார் எப்படிப் போய்ப் பார்ப்பது? கையில் இருப்பது முகாம் அட்டை. இலங்கைக்குத் திரும்புவதானால் ஒரேயடியாகத் திரும்பிவிட வேண்டும். பார்த்துவிட்டு வருவது என்பது கிடையாது. பிள்ளைகள் இங்கே பிறந்து, இங்கேயே தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்கள்.

நாங்கள் காங்கேசன்துறையில் இறங்குவோம் என்று கேள்விப்பட்ட அன்று மாலையே அவர் வந்தார். உறை ஒன்றிலிருந்து பழுப்பேறிய நகல் ஒன்றை எடுத்து விரித்தார். காணி உறுதி. நாம் பத்திரம் என்பதை அவர்கள் உறுதி என்பார்கள். இரண்டு பரப்புக் காணி. 16 பரப்பு கொண்டது ஓர் ஏக்கர் என்றால் எத்தனை சிறிய நிலம் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள். எல்லைகள் நான்கும் எழுதி, ‘கிணற்றில் அரைப்பங்கும்’ என்று முடிந்திருந்தது.

“அண்ணை, எல்லைக்கல்லு ஒண்டும் இராது. வீடும் இராது, எனக்குத் தெரியும். கிணறு கிடக்கோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ. கிணறு கிடந்தால் காணியைக் காட்டலாம்” என்றார்.

கல்லும் மரமும் போனாலும் கிணறு எழுந்து நடக்காது அல்லவா? ஊரில் இருக்கும் சிற்றப்பன் மகன் காணியைத் தன் பொறுப்பில் பதிந்து வைக்க ஆயத்தமாயிருந்தார். ஆனால் 1990-இல் அவர் கைக்குழந்தை. எது எவருடைய வளவு என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே, பிள்ளைகளுக்கு விட்டுச் செல்ல அந்த அம்மையாரிடம் இருந்த ஒரே சொத்து, கிணறு ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதில் வந்து நின்றது. நான் பார்த்து வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

துறைமுகத்தில் இறங்கி வாடகைக் கார் எடுத்துச் சுற்றுவதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மத்தியதரைக் கடலில் ஓடும் கப்பலில் பணிபுரிந்து விடுமுறையில் வந்திருந்தார், அவரிடம் கேட்டேன். அவர் சொன்னவை வியப்பாயிருந்தன. உரோமைக்கு என்று சொல்லி இறக்கும் துறைமுகமாகிய சிவித்தாவெக்கியாவிலிருந்து உரோமை ஏறக்குறைய 70 கிலோமீட்டர். லிவோர்னோவில் இறக்கிவிட்டுப் புளோரன்ஸ் என்பார்கள். அது இன்னும் தூரம். பயணிகள் பலர் துறைமுகத்திலேயே கார் எடுத்துத் தாமே ஓட்டிச் செல்கிறார்கள். நம்மவர் அப்படிச் செய்வதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிச் செல்ல வேண்டும். பழைய நகரங்களின் நடுப்பகுதியில் அனுமதியின்றிக் காரை நுழைத்தால், புகைப்படக் கருவி எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளும். அபராதச் சீட்டு பல மாதம் கழித்து வீடு தேடி வரும். இவை எல்லாவற்றிலும் பெரிய விதி ஒன்று. கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலா பிந்தினால் கப்பல் காத்திருக்கும்; நீங்களாகக் கார் பிடித்துப் போய்ப் பிந்தினால் காத்திராது.

“அங்கிள், எப்போதும் தூரமான இடத்தை முதலில் பார்த்துவிட்டு, துறைமுகத்தை நோக்கித் திரும்பி வாருங்கள். கடைசி ஒரு மணி நேரம் துறைமுகத்தின் பக்கத்தில் இருக்க வேண்டும்” என்றார்.

புனித சின்னப்பர் புத்தேயோலித் துறையில் இறங்கி, ஏழு நாள் தங்கி, பின்னரே உரோமைக்குச் சென்றார் என்று அப்போஸ்தலர் பணியில் வாசிக்கிறோம். அவர் கைதியாகப் போனவர். ஆயினும் ஏழு நாள் கிடைத்தது. இக்காலத்து உல்லாசப் பயணிக்குக் கிடைப்பதோ ஏழு மணி நேரம்.

வெள்ளிக்கிழமை காலை காங்கேசன்துறையில் கரையேறினோம். மாலை 4 மணிக்குள் அனைவரும் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றே என்பதால் கைக்கடிகாரத்தைத் திருப்பும் தொல்லை இல்லை. கரையேறியதும் என் கண்ணில் பட்டது பழைய சீமெந்துத் தொழிற்சாலை. 1950-இல் தொடங்கி, 1990-இல் நின்றுபோன ஆலை. நின்றுபோன ஆலையை வேறு எவர் பார்த்தாலும் கட்டடமாகப் பார்ப்பார்கள். ஆலைத் தொழிலாளி பார்த்தால் முதலில் எத்தனை குடும்பம் என்று எண்ணுவான்.

கப்பலில் பழக்கமான ஆறு பேருடன் சேர்ந்து எட்டுப் பேராக ஒரு ‘வான்’ பேசினோம். வேனை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நம் ஊரில் ‘எட்டு மணி நேரம், 80 கிலோமீட்டர், மேற்கொண்டு ஓட்டுநர் படி’ என்று பேசுவது போலவே அங்கும் பேச்சு நடந்தது. ஒரே வித்தியாசம், அப்போது இலங்கையில் எரிபொருளை வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்து வந்தார்கள். ஆகவே ஓட்டுநர் ஒவ்வொரு கிலோமீட்டரையும் விரல்விட்டு எண்ணினார். மயிலிட்டிக்கும் சேர்த்தே கூலி பேசினேன். இளைஞரின் விதிப்படி, தூரமான யாழ்ப்பாணம் முதலில். அருகிலுள்ள மயிலிட்டி திரும்பும்போது. மற்றவர்களும் தலையசைத்தார்கள்.

இங்கேதான் நான் தவறினேன். அந்த விதி ஊர் பார்க்க வந்தவனுக்கு உரியது; காரியமாக வந்தவனுக்கு உரியதன்று. எதற்காக வந்தோமோ அதனைத் துறைமுகத்துக்கு அருகிலே இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் கடைசியில் தள்ளிவைத்தேன்.

நல்லூர்க் கோவிலையும், 1981-இல் எரியுண்டு மீண்டும் எழுந்த நூலகத்தையும், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் மாறி மாறி ஆண்ட கோட்டையையும் பார்த்தோம். அவற்றைப் பற்றி எழுத இன்னொரு கட்டுரை வேண்டும். உண்மையைச் சொன்னால், நூலகத்தின் முன் நின்றபோதுகூட என் மனம் கிணற்றிலேயே இருந்தது. பின்பு உணவு; பின்பு கடைத்தெரு. பனங்கட்டியும் சேலையும் வாங்கப் போனவர்கள் முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்படும்போது மணி 2.25. தெல்லிப்பழையை அடைந்தபோது மூன்றுக்குப் பத்து நிமிடமே இருந்தது.

“சார், ரிஸ்க் எடுக்க வேண்டாம். நேரே கப்பலுக்குப் போய்விடலாம்” என்றார் ஒருவர். மற்றவர்கள் சன்னல் வழியே வெளியே பார்த்தார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய் எழுதியவனாவேன். ஆயினும் கப்பலைத் தவறவிட்டால் அவர்கள் படும் பாட்டுக்கு யார் பொறுப்பு? வண்டியை நிறுத்தச் சொல்லி நான் இறங்கினேன். துணைவியாரைக் கப்பலுக்குப் போகும்படி கேட்டுக் கொண்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே இறங்கிவிட்டாள். “கப்பல் போனால் இரண்டு பேருமாக நிற்போம்” என்றாள். வான் போய்விட்டது.

சந்தியில் ஓர் ஆட்டோ நின்றது. அவர்கள் மொழியில் ஓட்டோ. ஓட்டுபவன் இருபத்தைந்து வயதுப் பையன். விவரத்தைச் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்தான்.

“ஏறுங்கோ ஐயா. கிணத்தைப் பாத்திட்டுத் துறைமுகத்தில விடுறன். 2,500 தாங்கோ.”

நம் பணத்துக்கு ஏறக்குறைய 640 ரூபாய். பேரம் பேசவில்லை.

நேர்வழியின் ஒரு பகுதி அப்போதும் படையினர் வசமே இருந்தபடியால் சுற்றிக்கொண்டு போனான். செம்மண்ணும் கூரையற்ற சுவர்களும் நடுவே புதிதாக வண்ணம் பூசிய சிறு வீடுகளுமாக ஊர் வந்தது. என் கைப்பேசி அந்நாட்டில் பேசவில்லை. பையன் தன்னுடையதை நீட்டினான். முகாமிலுள்ள எண்ணுக்கு வாட்சாப் வழியாக முகம் பார்த்துப் பேசும் அழைப்பை அவனே போட்டுக் கொடுத்தான்.

இரண்டாம் மணிக்கே எடுத்துவிட்டார். காலையிலிருந்து கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார் போலும். நான் கடற்கரையைக் காட்டினேன். ஒரு கணம் பேச்சில்லை. பின்பு, முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, கும்மிடிப்பூண்டியிலிருந்து அவர் எங்களுக்கு வழி சொல்லத் தொடங்கினார்.

“கோயிலுக்கு முன்னால கடலைப் பாத்து நில்லுங்கோ. நிண்டிட்டீங்களோ? வலக்கைப் பக்கம் ஒரு ஒழுங்கை போகும்.”

ஒழுங்கை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. முட்செடிகளுக்கிடையே ஓர் இடைவெளி இருந்தது. அதற்குள் நடந்தோம். “மூண்டாவது வளவு” என்றார். வேலிகளே இல்லாத இடத்தில் மூன்றாவது வளவை எப்படி எண்ணுவது? பையன் கம்பு ஒன்றை முறித்துப் புதரை அடித்துக்கொண்டே முன்னே சென்றான். தலையற்ற பனைமரம் ஒன்று நின்றது. அதனைக் காட்டியதும், “அது இல்லை, இன்னும் உள்ள போங்கோ” என்றார். மணி 3.20.

“ஐயா, இஞ்ச!” என்று பையன் கூவினான். அரை வட்டமாகக் கட்டு இடிந்து, கல்லும் குப்பையுமாகப் பாதி தூர்ந்து, ஆலஞ்செடி முளைத்துக் கிடந்தது. ஆயினும் கிணறு. இருந்தாலும் எந்தக் கிணறு? அந்த ஊரில் அடுத்தடுத்துக் கிணறுகள்.

“கட்டில கடல் பக்கமா ஒரு சிலுவை இருக்கும். அப்பா சீமெந்து காயமுன்னம் ஆணியால கீறினவர். கீழ வருசம் போட்டவர்.”

பையன் முழங்காலிட்டுப் பாசியைக் கம்பால் சுரண்டினான். என் துணைவியார் தன் கைக்குட்டையால் துடைத்தாள். சிலுவை இருந்தது. அதன்கீழ் 19 என்று இருந்தது. அதற்கு மேல் கட்டு உடைந்து போயிருந்தது. கைப்பேசியை அருகிற் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மையார் எதுவும் சொல்லவில்லை. திரையில் அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது. பின்னாலிருந்து அவர் கணவர், “கிடக்கோ? கிடக்கோ?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது காதில் விழுந்தது.

பேச்சை முடிக்காமலே பையன் ஒரு யோசனை சொன்னான். “ஐயா, கிணறும் கோயிலும் ஒரே படத்தில விழுற மாதிரி எடுங்கோ. விதானையாரிட்டக் காட்ட உதவும்.” எனக்கு அது தோன்றியிருக்கவே மாட்டாது. நான்கு திசைக்கும் நான்கு படமாக எடுத்தோம்.

துறைமுக வாயிலை அடைந்தபோது மணி 3.52. பேசிய 2,500-ஐ எண்ணி வாங்கிக்கொண்டு, மேற்கொண்டு நான் நீட்டியதைத் திருப்பித் தந்துவிட்டுப் பையன் போய்விட்டான். எங்களைக் கண்டதும் வானில் வந்தவர்கள் கைதட்டினார்கள். துணைவியார் பதிலுக்குச் சிரிக்கவில்லை. சேலை முட்கிழித்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே ஆண்டு அக்டோபர் 14-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் படகுச் சேவை தொடங்கிற்று. கடவுச்சீட்டு உள்ளவர்கள் சில மணி நேரத்தில் போகிறார்கள். படங்கள் அதற்கு முன்பே சிற்றப்பன் மகனுக்குப் போய்ச் சேர்ந்து, காணியின் நான்கு மூலையிலும் கம்பு நட்டாயிற்று.

ஊர் திரும்பிய ஞாயிறன்று பூசை முடிந்ததும் அந்த அம்மையார் வீட்டுக்கு வந்தார். ஓட்டோக் கூலி எவ்வளவு என்று கேட்டு, வேண்டாம் என்று நாங்கள் சொல்லச் சொல்ல, 640 ரூபாயை மேசைமேல் வைத்தார். பின்பு கேட்டார்:

“அண்ணை, அந்தப் பெடியன் ஆற்றை மகன்? முகத்தில ஒரு சாயல் தெரிஞ்சுது.”

நான் அவனுடைய பெயரைக்கூடக் கேட்டிருக்கவில்லை. அதனைச் சொல்ல நாணமாயிருந்தது.

“அது பறவாயில்லை. அவன்ரை நம்பர் என்ரை போனில கிடக்குது. நானே கேக்கிறன்” என்று எழுந்தார்.