பாட்டிக்கு அக்கா, தாத்தாவுக்குக் கப்பல்

பெங்களூர்வாசிகளான நமக்குக் கடல் என்பது விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு வரும் ஒரு காட்சி. ஊரில் இருப்பதெல்லாம் ஏரிகள். அவற்றிலும் பாதிக்கு மேல் பஸ் நிலையங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. இப்படிப்பட்ட ஊரில் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்துகொண்டு ஒருவர் கப்பல் கப்பல் என்று ஏங்குவாரானால் அவரை என்னவென்று சொல்வது? அவர்தாம் என் தாத்தா.

ஜாலஹள்ளி எச்.எம்.டி. தொழிற்சாலையில் கைக்கடிகாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றும் அவர் கையில் இருப்பது தினமும் சாவி கொடுக்கவேண்டிய ‘ஜனதா’ கடிகாரந்தான். வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன நார்வே நாட்டுக் காலண்டர் ஒன்று, ஆண்டு முடிந்த பிறகும் அவர் அறைச் சுவரை விட்டு இறங்கவில்லை. அந்த நாட்டின் கரையை ஒட்டி வடக்கே போகும் கப்பல்களைப் பற்றித் தாத்தாவிடம் யாரும் வாய் கொடுக்கக் கூடாது. 1893-இல் தபால் ஏற்றிச் செல்வதற்கென்று தொடங்கியது; இப்போது இலையுதிர் காலம் வந்தால் வயதான தம்பதிகள் கூட்டம் கூட்டமாக ஏறிக்கொண்டு, ருஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கிர்க்கெனெஸ் வரை போகிறார்கள்; இரவில் வானத்தில் பச்சை ஒளி நெளிவதைப் பார்க்கிறார்கள். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, பாட்டி கீரை ஆய்ந்துகொண்டே இருப்பாள்.

“இத்தனை பணம் செலவழித்துக் குளிரைப் பார்க்கப் போவானேன்? வடக்குக் கரைதானே வேணும்? என் அக்கா இருப்பதும் வடக்குக் கரைதான். அங்கே கூட்டிக்கொண்டு போங்க” என்றாள் ஒருநாள்.

பாட்டி சொன்ன வடக்குக் கரை இலங்கையின் வடகரை. அக்கா இருப்பது காங்கேசன்துறை.

பாட்டி பிறந்தது வேதாரண்யத்தில். வேதாரண்யத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கொள்வினை கொடுப்பினை வெகுகாலமாக உண்டு. அதில் வியப்பும் இல்லை. கோடிக்கரையிலிருந்து காங்கேசன்துறை, காக்கை பறக்கும் வழியில் ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான். நம் பெங்களூருக்கும் மைசூருக்கும் உள்ள தூரத்தில் பாதிகூட இல்லை. ஆனால் 1963-இல் பாட்டியின் அக்கா கல்யாணமாகிப் புறப்பட்டபோது காக்கை வழி அவருக்குக் கிடைக்கவில்லை. ரயில் மாறி ரயில் ஏறி, பாம்பன் பாலம் கடந்து, தனுஷ்கோடி போய்ச் சேர்ந்து, அங்கே ஸ்டீமர் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலில் மதவாச்சி வரை தெற்கே போய், அங்கிருந்து வடக்கே திரும்பி யாழ்ப்பாணம் கடந்து காங்கேசன்துறை. எதிர்க்கரைக்குப் போக இரண்டு நாட்டையும் பிரதட்சிணம் செய்ய வேண்டியிருந்தது. ஆனாலும் அது போட்மெயில் காலம். 1914 முதல் ரயிலும் கப்பலும் ஒன்றுக்கொன்று காத்திருந்து ஆளை ஒப்படைத்த காலம். வழி சுற்று என்றாலும் வழி என்று ஒன்று இருந்தது. அப்போது பாட்டிக்குப் பத்து வயது.

மறு வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. பயணிகளோடு வந்த ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. பிறகு ராமேசுவரத்திலிருந்து கப்பல் விட்டார்கள். 1974-இல் தகப்பனார் காரியத்துக்காக அக்கா வந்தது ‘ராமானுஜம்’ என்ற அந்தக் கப்பலில்தான். சகோதரிகள் கடைசியாகச் சந்தித்தது அப்போது. எண்பதுகளின் தொடக்கத்தில் இலங்கையில் கலவரமும் போரும் வர, அந்தக் கப்பலும் நின்றது. அதற்குமேல் கடிதம், பல வருஷம் கடிதமும் இல்லை, பின்பு டெலிபோன், இப்போது கைப்பேசியில் முகம். “முகத்தைக் கண்ணாடிக்குள்ளே வைத்துக் காட்டுகிறார்கள், அது பார்த்ததாகுமா?” என்பது பாட்டியின் கட்சி.

சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் உண்டே என்று என் தாயார் எடுத்துச் சொன்னார். அக்கா கடல் வழியாகத்தானே போனாள், நானும் கடல் வழியாகத்தான் போவேன் என்று பாட்டி சாதித்துவிட்டாள். தாத்தாவுக்கு வாயெல்லாம் பல்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் முதலில் ஓடியது 2023 அக்டோபர் 14-ஆம் தேதி. ‘செரியபாணி’ என்பது அதன் பெயர். ஒரு வாரத்திற்குள்ளேயே பருவமழையைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். இதைக் கேலி செய்தவர்கள் உண்டு; எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பாக் ஜலசந்தி ஆழம் குறைந்த கடல். ஐப்பசியில் வாடைக்காற்று திறந்த வங்கக் கடலைத் தாண்டி வந்து நேரே அதன் வாயில் புகுகிறது. ஆழக்கடலில் நீண்டு புரளும் அலை, ஆழமில்லாத இடத்தில் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். சிறிய கப்பலுக்கு அதுதான் பகை. (இந்தக் கடலுக்குப் பெயர் கொடுத்தவர் 1763 முதல் 1767 வரை சென்னையில் கவர்னராக இருந்த ராபர்ட் பாக். நம் மீனவர் எந்தப் பெயரிட்டு அழைத்தார்கள் என்று அவர் விசாரித்திருக்க மாட்டார்.) மறுபடி 2024 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ‘சிவகங்கை’ என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. ஐப்பசி பிறப்பதற்குள் போய்த் திரும்பிவிட வேண்டும். அக்காவுக்கு வயது எழுபத்தொன்பது, பாட்டிக்கு எழுபத்தொன்று, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் தைரியம் வீட்டில் ஒருவருக்கும் இல்லை. ஆராய்ச்சிக் கூடத்தில் பத்து நாள் விடுப்புக் கேட்டு, துணைக்கு நான் புறப்பட்டேன்.

இரவு ரயிலில் தஞ்சாவூர், அங்கிருந்து பஸ்ஸில் நாகை. மூட்டையில் இரண்டு கிலோ காப்பித்தூள், ஒரு பித்தளை ஃபில்டர், மைசூர்பாகு, நான்கு சுங்குடிப் புடவை. பாட்டி வாழ்க்கையில் முதல் முறையாக பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்தாள். அதைத் திருநீற்றுப் பையில் போட்டு இடுப்பில் செருகியிருந்ததால், கேட்டபோதெல்லாம் எடுத்துக் கொடுக்க நேரமாயிற்று. வரிசையில் பின்னால் நின்றவர்கள் பொறுமைசாலிகள்.

கப்பல் என்றதும் தாத்தா மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்காரப்போவதாக எண்ணியிருந்தார். உள்ளே போனால் விமானத்தில் இருப்பதுபோல் வரிசை வரிசையாக ஆசனங்கள், மூடிய கண்ணாடி ஜன்னல், குளிர்சாதனம். நூற்றைம்பது பேர் அமரலாம். தாத்தா கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார். “இலங்கை நேரம் எவ்வளவு கூட்டி வைக்க வேண்டும்?” என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். ஒன்றும் வேண்டாம், 2006 முதல் இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்று அவர் சொல்லவும் தாத்தாவுக்குச் சிறிது ஏமாற்றந்தான். வெளிநாடு போனால் கடிகாரத்தைத் திருப்ப வேண்டும் என்பது எச்.எம்.டி. மனிதரின் நியாயமான எதிர்பார்ப்பு.

அறுபது கடல் மைல். ஏறக்குறைய நான்கு மணி நேரம். முதல் அரைமணி சுகமாகப் போயிற்று. அப்புறம் கப்பல் ஆடத் தொடங்கியது. நாற்பது வருஷமாகக் கப்பலுக்கு ஏங்கிய தாத்தா, முகம் வெளுத்து, கண்ணை மூடி, காகிதப் பையும் கையுமாகக் கிடந்தார். கடலுக்குப் பயந்து மூன்று கோயிலுக்கு முடிந்து வைத்திருந்த பாட்டியோ ஒரு தடவைகூடச் சாயவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே தெரிந்தது முன் ஆசனத்தின் முதுகுதான்.

கரை தெரிந்ததும் எழுந்து நின்றாள். முதலில் ஒரு கறுப்புக் கோடு. பிறகு அது பனைமரங்களாயிற்று. பிறகு கலங்கரை விளக்கம். “வேதாரண்யம் மாதிரியே இருக்கே!” என்றாள். அதே பனை, அதே மணல், அதே வெயில். மண்ணைப் பார்த்து இது வேறு நாடு என்று யாராலும் சொல்ல முடியாது.

சுங்கச் சாவடியில் ஃபில்டரைக் கையில் எடுத்த அதிகாரி, அதை மேலும் கீழும் திருப்பி, இது என்ன கருவி என்று ஆங்கிலத்தில் கேட்டார். தாத்தா விளக்க முயன்றார். பாட்டி குறுக்கிட்டு, “அக்காவுக்கு” என்றாள். அந்தச் சொல் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். சிங்களத்திலும் ‘அக்கா’ அக்காதான். சிரித்துக்கொண்டே பையில் திரும்ப வைத்தார்.

வாசலில் ஒரு பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு பெரிய பாட்டி நின்றுகொண்டிருந்தார். நான் ஏதோ பெரிய அழுகையை எதிர்பார்த்திருந்தேன். அவர் பாட்டியை ஏற இறங்கப் பார்த்து, “என்ன இப்பிடி மெலிஞ்சு போனாய்?” என்றார். பாட்டி, “நீ மட்டும் என்னவாம்?” என்றாள். அவ்வளவுதான். ஐம்பது வருஷத்தை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு இருவரும் ஆட்டோவில் ஏறினார்கள்.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய பாட்டியின் கணவர் காங்கேசன்துறை சிமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1950-இல் எழுந்த ஆலை. அந்த ஊருக்கே சோறு போட்டது. 1990-இல் போர் அங்கே வந்தது. ஆலை நின்றது, ரயில் நின்றது, சனங்கள் உடுத்த துணியோடு வெளியேறினார்கள். ஊர் முழுவதும் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பெரிய பாட்டி சுன்னாகத்தில், சாவகச்சேரியில், மறுபடி சுன்னாகத்தில் என்று பிறர் வீட்டில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்தார். கணவர் திரும்பி வராமலே இறந்தார். போர் முடிந்த பிறகு கட்டம் கட்டமாக நிலத்தை விட்டபோது போய்ப் பார்த்தால், கூரை இல்லை, கதவு இல்லை, சுவரில் பாதி இல்லை. உள்ளே வேப்பமரம் முளைத்து நின்றது. கிணறு மட்டும் இருந்தது. “தண்ணி நல்ல தண்ணி. அதுதான் திரும்பி வந்தனாங்கள்” என்றார் என்னிடம், சந்தையில் கத்தரிக்காய் வாங்கிய கதையைச் சொல்வதுபோல.

சகோதரிகளுக்குள் பேச்சு லேசில் ஓடவில்லை. அக்கா அறுபது வருஷமாக யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறவர். தங்கை ஐம்பது வருஷமாகப் பெங்களூர்த் தமிழ் பேசுகிறவள். “கதைச்சுக்கொண்டு இருங்கோ, தேத்தண்ணி போடுறன்” என்றால் பாட்டி யாருக்குக் கதை சொல்வது என்று என்னைப் பார்ப்பாள். “சொல்ப சக்கரை போடு” என்று பாட்டி சொன்னால் பெரிய பாட்டி விழிப்பார். அன்று சாயங்காலம் ஃபில்டரில் காப்பி இறக்கி, இருவரும் திண்ணையில் உட்கார்ந்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து நான் போனபோது, அங்கே யாழ்ப்பாணத் தமிழும் இல்லை, பெங்களூர்த் தமிழும் இல்லை. இரண்டு பேரும் வேதாரண்யத்துச் சிறுமிகளைப்போல் ‘வாடி போடி’ என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1962-இல் காணாமற்போன ஒரு கொலுசு பற்றிய வழக்கு. தீர்ப்பு இன்றும் நிலுவையில் இருக்கிறது.

தாத்தாவையும் சும்மா சொல்லக் கூடாது. இரண்டாம் நாள் தெம்பு வந்தவுடன், கரையைப் பார்த்தே தீரவேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினார். மேற்கே கீரிமலை, கடலுக்கு ஒட்டினாற்போல் ஒரு கேணி, அதில் நன்னீர் ஊறுகிறது. தாத்தா இறங்கிக் குளித்து, சுவரின் இந்தப் பக்கத்துத் தண்ணீரையும் அந்தப் பக்கத்துத் தண்ணீரையும் மாறி மாறி ருசி பார்த்தார். கிழக்கே வல்வெட்டித்துறை வழியாகப் பருத்தித்துறை வரை போனோம். கரையோரமாகவே போக முடியவில்லை; பலாலிப் பக்கம் உள்வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது என்று நான் சொன்னதும், தாத்தா நடுத்தெருவில் நின்று, “அதில் போனவர்கள் வாந்தி எடுத்திருப்பார்களா?” என்று கேட்டார். பருத்தித்துறையில் வடை வாங்கினோம். தட்டைபோல் மெல்லியதாக, மொறுமொறுவென்று இருக்கும். அதைத் தின்றுகொண்டே தாத்தா வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திசையில் வேதாரண்யம். அன்று நார்வேயைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்ப வேண்டிய நாள் நெருங்கியது. பாட்டியின் போக்கு மாறிவிட்டது. காலையில் எழுந்ததும் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பாள். நகுலேசுவரம் கோயிலில் வெகுநேரம் கண்மூடி நின்றாள். என்ன வேண்டுதல் என்று தாத்தா கேட்டதற்கு, “நாலு நாள் காத்தடிக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன்” என்றாள். கப்பல் வராமற்போனால் அந்த நாலு நாளும் அக்காவோடு இருக்கலாமே! தாத்தா பதறிப்போய், அதே சந்நிதியில் எதிர் மனு ஒன்று கொடுத்தார்.

காற்று அடிக்கவில்லை. கப்பல் நேரத்துக்கு வந்தது. துறைமுக வாசலுக்கு உள்ளே பயணிகளைத் தவிர மற்றவர்களை விடமாட்டார்கள். பெரிய பாட்டி பனங்கட்டிக் குட்டான் நாலைந்தை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். பாட்டி அதை வாங்கிக்கொண்டு, “ஃபில்டரை வெந்நீரில் கழுவு. புளி போட்டுத் தேய்க்காதே, ஓட்டை அடைச்சுக்கும்” என்றாள். “எனக்குத் தெரியும் போடி” என்றார் அவர். இந்த முறை ஜன்னலோர ஆசனம் கிடைத்தது. கலங்கரை விளக்கம் மறைகிறவரை பாட்டி கண்ணாடியை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் நின்ற கப்பல் 2025 பிப்ரவரியில் மறுபடி ஓடத் தொடங்கிய செய்தி வந்த அன்று, பாட்டி என்னை விடுதியிலிருந்து வரவழைத்து டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னாள். மூன்று பேருக்கா என்றேன். “எனக்கு மட்டும் போதும். அவருக்குத்தான் கடல் ஒத்துக்கலையே. உனக்கும் பரீட்சை” என்றாள். உள்ளே தாத்தா கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. சற்றுக் கழித்து வெளியே வந்து, காப்பித்தூள் இந்தத் தடவை மூன்று கிலோவாக வாங்கிவிடலாமா என்று மட்டும் கேட்டார்.