கார் நடுங்கியது ஏன்?

எங்கள் காருக்கு வயது 23. கிளச் இல்லாத ஒட்டோ கியர் கார். ஓட்டுவது நான்தான். மாதம் ஒருமுறை உம்மாவைத் தண்ணீரூற்றிலிருந்து வவுனியா ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும். அவரது முழங்காலுக்கு பஸ் படி ஏற முடியாது.

கடந்த மழைக்காலத்தில் கார் நடுங்கத் தொடங்கியது. ‘டி’யில் போட்டு, பிரேக்கில் கால் வைத்து நின்றால் ஸ்டியரிங் ஆடும். விளக்கு மங்கும். ரேடியோ தானாக நின்று தானாகப் பாடும். ஒருநாள் மாங்குளத்தில் திரும்பி, ஒட்டுசுட்டான் காட்டுப் பாதையில் மஃரிப் நேரத்தில் எஞ்சின் நின்றேவிட்டது. யானை கடக்கும் இடம், பின்னிருக்கையில் உம்மா. மூன்றாம் முறை சாவியைத் திருப்பியபோதுதான் எஞ்சினுக்கு உயிர் வந்தது.

ஒரு கராஜில் காட்டினேன். பொனட்டைத் திறக்காமலே, “கியர் பொக்ஸ் மாற்ற வேண்டும்” என்றார்கள். சொன்ன தொகைக்கு என் இரு வளையல்களும் போதாது. வேறு கார் வாங்கவும் வழியில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியாருக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. அதற்குள் பழைய கார்களின் விலையும் ஏறிவிட்டது.

பக்கத்து வீட்டு ராத்தா சொல்லித்தான் முள்ளியவளையில் ஒரு வயதான பாஸிடம் போனேன். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் வன்னிக்குள் பெற்றோலும் பற்றரியும் வராத காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் பழைய மொரிஸ் மைனர், ஒஸ்டின் கார்களை ஓட வைத்தவர். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருந்த நாங்கள் அந்தக் காலத்தை இங்கே காணவில்லை.

அவர் சாவியை எடுக்கவில்லை, கேள்வி கேட்டார்.

“பிள்ளை, டியில நிக்கேக்க ஆடுது. நியூற்றல்ல போட்டா?”

“குறையும் ஐயா. ஆனால் நிற்காது.”

“லைட் போட்டா?”

“கூடும்.”

“கியர் மாறேக்க உதைக்குதோ? எஞ்சின் இரைஞ்சும் கார் இழுக்காமல் நிக்குதோ?”

“இல்லை.”

“அப்ப கியர் பொக்ஸில கை வைக்க வேண்டாம்.”

டியில் நிற்கும்போது எஞ்சினுக்குப் பாரம் அதிகம். நியூற்றலில் நடுக்கம் முழுதாக நின்றால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை முதலில் பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் பிளக், கொயில். விளக்கு போட்டதும் கூடினால் மின்சாரம் என்று விளக்கினார்.

எஞ்சின் ஓடும்போது பற்றரியில் மீற்றரை வைத்தார். 14 வோல்ட் அளவில் காட்ட வேண்டியது 12.3தான் காட்டியது. ஒல்டனேட்டர் பழுது என்று நினைத்த என் நானாவின் மகன், “பற்றரி வயரைக் கழற்றிப் பார்ப்போமா?” என்றான்.

“தம்பி, பழைய கார்களுக்கு அப்பிடிச் செய்தோம். இதில கொம்பியூட்டர் இருக்கு. ஓடேக்க கழற்றினா அது எரிஞ்சுபோம்” என்று தடுத்தார்.

பிறகு மீற்றரின் ஒரு முனையை ஒல்டனேட்டரின் வயர் முனையிலும், மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்தார். 14.2! மின்சாரம் உண்டாகிறது, பற்றரிக்குப் போய்ச் சேரவில்லை. தடித்த வயர் ஒன்றால் பற்றரியின் மைனஸையும் எஞ்சின் இரும்பையும் இணைத்தார். விளக்கு பளிச்சென்றது, நடுக்கம் பாதியானது. எஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் ஏர்த் வயர் பச்சை பூத்து, சில இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. மீதி நடுக்கத்துக்குத் தேய்ந்த பிளக்குகளே காரணம். புது வயர், நான்கு பிளக், கூலி எல்லாம் பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

வாகனம் ஓட்டும் சகோதரிகளே! கராஜுக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: நிற்கும்போதா, ஓடும்போதா? டியிலா, நியூற்றலிலா? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? விளக்கோ ஏசியோ போட்டால் கூடுகிறதா? இவற்றைக் கேட்காமலே விலை சொல்பவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

சென்ற மாதக் கிளினிக் முடிந்து வரும்போது ஒட்டுசுட்டான் காட்டில் உம்மா நித்திரையாகிவிட்டார். வீடு வந்துதான் எழுப்பினேன்.